சத்திரசிகிச்சையோடு முடிவதில்லை

ஈரல் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சை வெற்றியளித்து வீடு திரும்புபவரும் குடும்பத்தினரும் ஆபத்து நீங்கியதென ஆறுதலடைவது இயல்பே. எனினும், இவர்களுள் அரைவாசிக்கும் மேற்பட்டோருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் நோய் மீண்டும் தலைதூக்குகின்றது. கட்டி அகற்றப்பட்டாலும், அது தோன்றக் காரணமான தழும்பேறிய ஈரலின் எஞ்சிய பகுதி உடலிலேயே இருக்கின்றமை இதற்கு முக்கிய காரணமாகும்.

மீள்வருகையை அறியக் குருதியிலுள்ள அல்பா பீட்டோ புரதத்தின் அளவு கணிக்கப்படுகின்றது. சத்திரசிகிச்சைக்கு முன்னர் உயர்ந்திருந்த அளவு, கட்டி முற்றாக அகற்றப்படின் சில வாரங்களில் வீழ்ச்சியடையும். வீழ்ந்தது மீண்டும் ஏறத் தொடங்கின் அது எச்சரிக்கையாகும். முதல் இரண்டு ஆண்டுகளில் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு தடவை இப்பரிசோதனையும் சி.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கானும் செய்யப்படுவது வழமை.

இங்கு ஒரு விடயம் கவனத்திற்குரியது. நோயாளர்களுள் கணிசமானோருக்கு இப்புரதம் உயர்வதேயில்லை. ஆசிய நாடுகள் பலவற்றில் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரஸ் பிரதான காரணியாக இருக்க, இலங்கையிலோ நீரிழிவு, உடற்பருமன் ஆகியவற்றோடு இணைந்த கொழுப்பு ஈரலும் மதுப்பாவனையுமே முன்னிற்கின்றன. வைரஸ் சாராத இவ்வகைப் புற்றுநோயில் புரத அளவு உயராதிருப்பது அதிகம். எனவே, குருதி அறிக்கை மட்டும் திருப்தியளிக்கின்றது என்பதற்காக ஸ்கான் பரிசோதனையைத் தவிர்ப்பது எமது நோயாளர்களுக்குப் பேராபத்தாக முடியலாம். மறுபுறம், ஈரல் அழற்சியினாலும் இவ்வளவு உயரக்கூடுமாதலால், ஓர் அறிக்கையைக் கண்டு கலங்கவும் தேவையில்லை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகளுடன் ஆய்வுகூடப் பொருட்களுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டதை நாடு மறந்துவிடவில்லை. அரச வைத்தியசாலையில் இலவசமாகச் சத்திரசிகிச்சை பெற்ற ஏழை ஒருவர், அதன் பின்னரான பரிசோதனைகளுக்குத் தனியார் ஆய்வுகூடத்தை நாட நேரிடின், அவர் தவறவிடுவது ஒரு பரிசோதனையை மட்டுமல்ல; காலத்தையுமே. சிறிய கட்டியாகக் கண்டறியப்படின் மீண்டும் வெட்டியகற்றவோ வெப்பத்தினால் அழிக்கவோ இடமுண்டு. பிந்தினால் அவ்வாய்ப்பு கைநழுவும்.

மன்னாரிலோ பொத்துவிலிலோ வாழும் ஒருவர் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு நாள் கூலியை இழந்து தொலைதூரம் செல்ல வேண்டியிருப்பின், அவர் இடைநடுவே நின்றுவிடுவது வியப்பன்று. இக்குருதிப் பரிசோதனை மாவட்ட மட்டத்திலேயே தடையின்றிக் கிடைப்பதையும், வரத் தவறும் நோயாளர் தேடி அழைக்கப்படுவதையும் சுகாதார அமைச்சு உறுதிப்படுத்த வேண்டும். பெருஞ்செலவில் காப்பாற்றப்பட்ட உயிரைக் கண்காணிப்பின்மையால் இழப்பது எவ்வகையிலும் நியாயமாகாது.