"தகுதியில்லை" என்று எழுதிவிட்டால் தீர்ந்ததா?

மாற்றுத்திறனாளிகளின் மேல்முறையீட்டு உரிமை காகிதத்தில் தூங்குகிறது

மயிலாப்பூர் மாடவீதியில் பூ கட்டி விற்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் கண்டு ஒரு கால் சூம்பிப் போனவர். இப்போது காதும் மந்தம். ஒரு நாள் பிழைப்பை விட்டு, ஆட்டோவுக்குக் கடன் வாங்கி, சர்டிபிகேட்டுக்காகப் போகிறார். காலைப் பார்த்த டாக்டர் 30 சதவீதம் என்று எழுதுகிறார். காதை யாரும் பார்க்கவில்லை. வேறு துறை, வேறு நாள், வேறு வரிசை! முடிவு என்ன? 40க்குக் கீழே. "பென்ஷன் கிடையாது, போய் வாருங்கள்."

இப்படி ஒருவரல்ல, அடையாற்றில் வீட்டு வேலை செய்வோரிலும், தியாகராய நகர் நடைபாதைகளில் கடை போட்டிருப்போரிலும் எத்தனை பேர்! அவர்களைச் சர்க்கார் ஏடுகளில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். காரணம், "தகுதியில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு ஏது ஏடு?

கணக்கு என்ன சொல்கிறது?

சர்க்காரின் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். 2018 ஜனவரி 4ஆம் தேதி மத்திய சர்க்கார் வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறை, ஒருவருக்கு இரண்டு குறைபாடுகள் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடச் சொன்னது. 90இலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க வேண்டும். மிச்சத்தைச் சின்ன எண்ணால் பெருக்கி 90ஆல் வகுக்க வேண்டும். வந்ததைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும்.

அந்தப் பெண்ணுக்குக் காதில் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 90இல் 30 போனால் 60. அதை 20ஆல் பெருக்கினால் 1,200. 90ஆல் வகுத்தால் 13 சொச்சம். முப்பதும் பதின்மூன்றும் 43! கோட்டைத் தாண்டியாயிற்று. காதைப் பார்க்காமல் விட்டதால் மட்டுமே அவர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். இந்தக் கணக்கை அவருக்கு யார் சொன்னார்கள்? எந்தக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள்?

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். பேச்சு, மொழிக் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்பதையே காரணம் காட்டி ஒரு மாணவருக்கு மருத்துவப் படிப்பை மறுத்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. பென்ஷன் கேட்டால் 40க்குக் கீழே என்று தள்ளுகிறார்கள். படிக்க இடம் கேட்டால் 40க்கு மேலே என்று தள்ளுகிறார்கள்! எண் என்பது இவர்கள் கையில் கதவா, பூட்டா?

2024 அக்டோபர் 15ஆம் தேதி கோர்ட் தீர்ப்பளித்தது. வெறும் சதவீதத்தை வைத்து ஒருவரை ஒதுக்கக் கூடாது. அவரால் படிக்க முடியுமா, முடியாதா என்பதை மருத்துவக் குழு ஆராய்ந்து எழுத வேண்டும் என்றது. அத்துடன், மேல்முறையீட்டு அமைப்புகள் ஏற்படும் வரையில், குழுவின் பாதகமான முடிவை எதிர்த்துக் கோர்ட்டுக்கு வரலாம் என்றும் சொன்னது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எட்டு வருஷங்கள் கழித்து, "மேல்முறையீட்டு அமைப்புகள் ஏற்படும் வரையில்" என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் எழுத வேண்டியிருந்தது! சர்க்காரின் சுறுசுறுப்புக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சட்டம் கொடுத்தது, விதி பறித்தது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. இது 21 ஆக்கியது. இதன் 59ஆம் பிரிவு, சான்று தரும் அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தருகிறது. இது யாரும் போட்ட பிச்சையல்ல; தேசமெங்கும் மாற்றுத்திறனாளிகள் தெருவில் இறங்கிப் பெற்ற உரிமை.

2017 விதிகளின்படி ஒரு மாதத்துக்குள் சான்று தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2024 அக்டோபரில் விதியைத் திருத்தினார்கள். ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று. அதோடு நின்றார்களா? இரண்டு வருஷத்துக்கு மேல் அதிகாரி முடிவு செய்யாமல் கிடப்பில் போட்டால் விண்ணப்பமே செயலற்றதாகிவிடுமாம். மனுதாரர் மறுபடி மனுப்போட வேண்டுமாம்! தூங்கியவர் உத்தியோகஸ்தர், தண்டனை விண்ணப்பித்தவருக்கு. இது எந்த ஊர் நியாயம்?

"போலிகள் இருக்கிறார்களே!"

"போலிச் சான்றுகள் மலிந்துவிட்டன, கண்டிப்பு வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். 2024இல் ஐ.ஏ.எஸ். பயிற்சியில் இருந்த ஒருவர் மீது அப்படிப் புகார் கிளம்பியது உண்மை. போலியைப் பிடிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வசதியும் செல்வாக்கும் உள்ளவர் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்குப் பூக்காரப் பெண் ஏன் வரிசையில் நிற்க வேண்டும்? மேலும், காரணத்தை எழுதிக் கொடுத்து, மேல்முறையீட்டில் நேர்மையாக விசாரித்தால் போலியும் பிடிபடும், நியாயமும் கிடைக்கும். காரணம் சொல்லாத மறுப்பு போலியைப் பிடிக்காது, ஏழையைத்தான் பிடிக்கும்.

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். ஆந்திரத்தில் 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளி பென்ஷனை 6,000 ரூபாயாக்கினார்கள். 2025இல் மறுபரிசோதனை என்று கிளம்பினார்கள். 40க்குக் கீழே என்று பல்லாயிரக்கணக்கானோருக்கு நோட்டீஸ் பறந்தது. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். மேல்முறையீட்டுக்கு வழி திறந்தது. மேல்முறையீடு செய்தவர்களுக்குச் செப்டம்பர் மாதப் பென்ஷனும் வந்தது. கிளர்ச்சி இல்லாவிட்டால் வந்திருக்குமா?

கடல் கடந்தும் இதே கதைதான். பிரிட்டனில் இந்தப் பரிசோதனையைத் தனியார் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். ஊனமுற்றோர் உதவித்தொகை வழக்குகளில் தீர்ப்பாயம் வரை போனவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஜெயிக்கிறார்கள். அப்படியானால் முதல் பரிசோதனையின் லட்சணம் என்ன? அந்தத் தீர்ப்பாயத்தில் ஒரு நீதிபதி, ஒரு டாக்டர், ஊனத்தின் கஷ்டத்தை அறிந்த ஓர் உறுப்பினர் என மூவர் அமர்கிறார்கள். இங்கோ டாக்டரின் முடிவை எதிர்த்தால் மறுபடியும் டாக்டர்! நமது இ.எஸ்.ஐ. சட்டத்தில்கூட, விபத்தில் கைவிரல் இழந்த தொழிலாளி மருத்துவக் குழுவுக்கு மேல் மேல்முறையீட்டு மன்றம், அதற்கும் மேல் காப்பீட்டு நீதிமன்றம் என்று போக வழி செய்திருந்தார்கள். ஆலைத் தொழிலாளி போராடிப் பெற்ற அந்த வழி பூக்காரிக்கு ஏன் இல்லை?

இத்தனை பாடும் எதற்காக? தமிழ்நாட்டில் 2023 ஜனவரியில் உயர்த்தப்பட்ட பென்ஷன் மாதம் 1,500 ரூபாய். மத்திய சர்க்காரின் தாராளத்தையோ சொல்லவே வேண்டாம்! வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்து, ஊனமும் 80 சதவீதம் இருந்தால் 300 ரூபாய்! 2012இல் வைத்த தொகை பத்தாண்டுக்கு மேல் அங்கேயே நின்றது. மயிலையில் வீட்டு வாடகையும் அங்கேயே நின்றதா?

2022இல் மெரினாவில் சக்கர நாற்காலி கடலருகே போக மரப்பாதை போட்டார்கள். வரவேற்றோம். அதே கடற்கரைச் சாலையில்தான் மாற்றுத்திறனாளிகள் ஆணையர் அலுவலகமும் இருக்கிறது. அலையைப் பார்க்கப் பாதை உண்டு. நியாயத்தைப் பார்க்கப் பாதை எங்கே?

நாம் கேட்பது

மறுக்கும்போது கணக்கையும் காரணத்தையும் தமிழில் எழுதிக் கையில் கொடு! எல்லாத் துறைப் பரிசோதனையையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் முடி! நீதிபதி, டாக்டர், மாற்றுத்திறனாளி ஆகிய மூவர் கொண்ட மேல்முறையீட்டு மன்றத்தை மாவட்டந்தோறும் அமை! மேல்முறையீடு முடியும் வரை பென்ஷனை நிறுத்தாதே! இரண்டு வருஷ விதியை ரத்து செய்!

இவை கிடைக்கும் வரை கைகட்டி உட்கார வேண்டியதில்லை. மறுக்கப்பட்டவர்கள் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போடுங்கள். 59ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையே என்று அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டம், வருமானம் எதுவானாலும், மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி தருகிறது.

ஒற்றை ஆளாகப் போனால் "நாளை வா" என்பார்கள். தெருவே திரண்டு போனால் நாற்காலி போட்டுப் பேசுவார்கள். மயிலையிலும், தியாகராய நகரிலும், அடையாற்றிலும் உள்ள சங்கத் தோழர்கள், மாதர்கள், வாலிபர்கள் தங்கள் தெருவில் திருப்பி அனுப்பப்பட்டவர் யார் என்று வீடு வீடாகக் கேட்டு, மனு எழுதிக் கொடுத்து, கூடவே போய் நிற்க வேண்டும். "தகுதியில்லை" என்ற சொல்லோடு ஒருவரும் தனியே வீடு திரும்பக் கூடாது.