மிஸ்ஸி வேண்டும், நம் மகள் வேண்டாமா?

சென்ற நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன், எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்த எனது ராத்தாவுக்குக் கால்கள் வீங்கின, விடாத தலையிடி. "புள்ளத்தாச்சிக்கு இதெல்லாம் வாறதுதான்" என்றார் உம்மும்மா. கிளினிக்கில் ஆண் டொக்டர் இருப்பார் என்று கேள்விப்பட்டு, ராத்தா அந்த மாதம் போகவேயில்லை.

முன்பென்றால் எங்கள் மிட்வைஃப் மிஸ்ஸி மறுநாளே வாசலுக்கு வந்து, "ஏன் மகள் கிளினிக்குக்கு வரல்ல?" என்று கேட்டிருப்பார். ஆனால் அவர் ஓய்வு பெற்று ஏழு மாதங்களாகியும் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. பக்கத்துப் பிரிவு மிஸ்ஸியே இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்தார். அவர் எத்தனை வீட்டுக்குத்தான் ஏறி இறங்குவார்?

மூன்றாம் நாள் ராத்தாவுக்குக் கண் மங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரத்த அழுத்தம் மிகவும் கூடியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கலாம் என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் நலம். அந்த இரவுதான் என்னை இதை எழுத வைத்தது.

எங்கள் பழைய மிஸ்ஸி படுவான்கரையைச் சேர்ந்த தமிழ்ப் பெண். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை 'பாதை'யில் ஏறி வாவியைக் கடந்துதான் எழுவான்கரைக்கு வருவார். உம்மா, வாப்பாவிடம் கூடச் சொல்லாததை அவரிடம் சொல்வார். கர்ப்பிணிகளைப் பதிவது, பிள்ளைகளின் நிறையைப் பார்ப்பது, தடுப்பூசித் திகதியை ஞாபகப்படுத்துவது, பிள்ளைகளுக்கிடையே இடைவெளி வைப்பது பற்றி மெதுவாகக் கதைப்பது, முப்பத்தைந்து வயதானவர்களைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைப்பது எல்லாம் அவர் வேலை. குடும்பநல உத்தியோகத்தர் என்பது பதவியின் பெயர். எங்களுக்கு அவர் வீட்டு ஆள்.

இலங்கையில் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. அதன்பின் இப்படியான பெண்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். 1930களில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரமளவில் தாய்மார் இறந்த நாடு இது. இன்று அந்த எண்ணிக்கை மிகவும் குறைந்திருக்கிறது. இலவசக் கல்விக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் வீட்டுப் படியேறி வந்து, ஆபத்தை முதலில் கண்டு, "உடனே போங்க" என்று சொன்னவர் மிஸ்ஸிதான். நாம் பணக்கார நாடாக இல்லாமலே இதைச் சாதித்தோம்.

அண்மையில் எங்கள் வகுப்பில் 34 பேரிடமும் கேட்டேன். "டொக்டராக விருப்பமானவர்கள்?" பதினொரு கைகள் உயர்ந்தன. "மிட்வைஃப்?" ஒரு கையும் இல்லை, சிரிப்புத்தான் வந்தது. இடைவேளையில் ஒரு தோழி தனியாக வந்து சொன்னாள்: "எனக்கு ஆசைதான். வீடு வீடாகத் திரியிற வேலை, நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று வாப்பா சொல்வார்."

பெற்றோரே, நம் மனைவிக்கும் மகளுக்கும் பெண்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்கிறோம். அந்தப் பெண் யாருடைய மகளாக இருக்க வேண்டும்? ஒவ்வொரு வீடும் தன் மகளை நிறுத்திக்கொண்டால் ஊருக்கு மிஸ்ஸி எங்கிருந்து வருவார்? நபியவர்களின் காலத்திலேயே ருபைதா அல் அஸ்லமிய்யா (ரலி) கூடாரமிட்டுக் காயப்பட்டோருக்கு வைத்தியம் செய்தார். அந்தச் சேவை இன்று மட்டும் எப்படிக் குறைவானது?

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. தனியாகப் போய்வரும் பாதை, நேரங்கெட்ட நேரத்து அழைப்பு, ஊர் வாய். ஆனால் நம் ஊர் வழக்கில் திருமணமானாலும் மகள் உம்மாவின் வீட்டிலோ பக்கத்திலோதான் இருக்கிறாள். சொந்த ஊரிலேயே நியமனம் கிடைத்தால் அவள் பிள்ளையை உம்மும்மா பார்த்துக்கொள்வார்; அவள் நம் பிள்ளைகளைப் பார்ப்பாள். பயிற்சியும் ஒன்றரை வருடம்தான். அரசாங்கமும் ஒருவர் ஓய்வு பெறுமுன்னரே அடுத்தவரைத் தயார்படுத்த வேண்டும். வெற்றிடத்தை விட்டுவைத்து நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஆப்கானிஸ்தானில் 2024 டிசம்பரில் பெண்களுக்கான மருத்துவிச்சிப் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அழுதுகொண்டே வீடு திரும்பினார்கள். அங்கே கதவை மூடியது ஆட்சி. இங்கே கதவு திறந்திருக்கிறது. அதை மூடுவது நாமா?

சகோதரிகளே, அடுத்த முறை விண்ணப்பம் கோரப்படும்போது ஒருத்தியாவது படிவத்தை எடுத்து வாருங்கள். வாப்பாமாரே, அதில் கையெழுத்து வைக்கப் பேனையை எடுங்கள். ராத்தாவின் மகளுக்கு இப்போது ஐந்து மாதம். அவளின் நிறையைப் பார்க்க வரும் மிஸ்ஸி நம்மில் ஒருத்தியாக இருக்கட்டும்.

தரம் 13 மாணவி