பாட்டுக்காரருக்குப் பணம் எப்படிப் போகிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்டு முடிந்து பஸ்சுக்கு நிற்கிறவர்கள் கையில் செல்போன். அதில் சினிமாப் பாட்டு. கேட்கிறவருக்குச் சுகம். பாட்டை எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் என்ன கிடைக்கும்?

முன்பு பலர் பாட்டின் உரிமை முழுவதையும் பட முதலாளிக்கு எழுதிக் கொடுத்து விடுவார்கள். பிறகு ராயல்டி ஏது? 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டருக்கு வெளியே பாட்டு ஒலித்தால், ராயல்டியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அதை முதலாளிக்கு விட்டுக் கொடுக்கவும் முடியாது! நீங்கள் சந்தா கட்டிக் கேட்டால் அதில் சிறிது அவர்களுக்குப் போகும். திருட்டுத்தனமாக இறக்கிய பாட்டுக்குக் காலணாவும் போகாது.

திருவள்ளூர் பக்கம் விடிய விடிய ஆடும் தெருக்கூத்துக்காரருக்கு இந்த ராயல்டி எல்லாம் கிடையாது. வெற்றிலை பாக்குடன் கொடுக்கும் முன்பணம், பேசிய தொகையில் மீதி, ஆட்டத்தின் நடுவே ரசிகர்கள் தரும் அன்பளிப்பு. அவ்வளவுதான். பத்து ரூபாய் கொடுத்தாலும் கட்டியங்காரன் பெயர் சொல்லி வாழ்த்துவான். (அதற்காகவே கொடுப்பவர்களும் உண்டு!) பணம் நேரே ஜமாவுக்குப் போகிறது. நடுவில் தரகர் இல்லை.

மழைக்காலத்தில்தான் கஷ்டம். திருவிழா இல்லை, கூத்தும் இல்லை. 2007-ல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைந்தது. அதில் பதிந்தால் பிள்ளைகள் படிப்புக்கு உதவி கிடைக்கும். உங்கள் ஊர்க் கலைஞர் பதிந்து விட்டாரா? இல்லையென்றால், படித்த உங்கள் மகனோ மகளோ மனு எழுதிக் கொடுக்கலாம்.

திருவிழாக் கூட்டத்தில் இன்னொன்றும் கேளுங்கள்: வாண வேடிக்கைக்கு எவ்வளவு? கூத்துக்கு எவ்வளவு?