பள்ளியை முதலில் வரையுங்கள்

வீட்டுமனை விளம்பரங்களைக் கவனித்திருப்பீர்கள். மனைகளுக்கு எண் இருக்கும்; சாலைகளுக்கு அகலம் குறித்திருக்கும். பள்ளிக்கூடம் மட்டும் வரைபடத்துக்கு வெளியே, ‘மிக அருகில்’ என்ற சொல்லில் இருக்கும். நம் நகரமைப்பின் கோளாறு முழுவதும் இந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது என்பேன்.

1929இல் நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக எழுதிய கிளாரன்ஸ் பெர்ரி, வீட்டிலிருந்து தொடங்கவில்லை. ஒரு தொடக்கப்பள்ளிக்கு எத்தனை பேர் வாழும் பகுதி தேவை என்று கேட்டார். ஏறத்தாழ 5,000 முதல் 6,000 பேர், மையத்தில் பள்ளி, கால் மைல் நடை, பெருஞ்சாலைகள் எல்லையில். குழந்தையின் காலடியே அவருக்கு அளவுகோல். சண்டிகரின் 800க்கு 1,200 மீட்டர் செக்டார்களிலும் இச்சிந்தனையின் சாயல் உண்டு.

இவ்வகை அமைப்பு, தம்மைப் போன்றவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு பிறரை விலக்கவும் உதவியது என்பர். உண்மைதான். ஆயின் அது மதில் எழுப்பியோர் மீதான குற்றச்சாட்டு. நடைதொலைவுப் பள்ளி மீதானதன்று.

இங்கு நாம் செய்தது என்ன? 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், சென்னையின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் கல்வியாண்டின் நடுவே பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கதவெண் தயாராக இருந்தது. பிள்ளைகளின் பள்ளியோ அவர்கள் விட்டுவந்த நகரத்திலேயே நின்றுவிட்டது.

‘அதற்குத்தான் இலவச பஸ் பாஸ் இருக்கிறதே’ என்பார்கள். பாஸ் கட்டணத்தை நீக்கும், தொலைவை நீக்காது. இருட்டிய பின் வீடு திரும்பும் பெண்பிள்ளையின் படிப்பை எந்த வீட்டில் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வார்கள்?

‘பள்ளி கல்வித்துறையின் பொறுப்பு, குடியேற்றம் முடிந்தபின் தேவையறிந்து திறப்போம்’ என்பது அடுத்த வாதம். கல்வி உரிமைச் சட்டத்தையொட்டிய 2010ஆம் ஆண்டின் மத்திய விதிகள் தொடக்கப்பள்ளிக்கு 1 கிலோமீட்டர், நடுநிலைக்கு 3 கிலோமீட்டர் என்று வரையறுத்தன. அத்தொலைவை எப்போது அளப்பது? மக்கள் குடியேறிய பின்னரா, வரைபடம் மேசையில் இருக்கும்போதா? குடியேறிய பின் அளந்தால் இடமே மிஞ்சியிராது. தேவையை அறியக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. இத்தனை ஆயிரம் வீடுகள் என்று எண்ணிக் கட்டுகிறவர்களுக்கு இத்தனை குழந்தைகள் என்று கணக்கிடத் தெரியாதா?

என் கோரிக்கை எளியது. பள்ளிக்கான நிலம் குறிக்கப்படாத வரைபடத்துக்கு ஒப்புதல் கூடாது. மறுகுடியமர்வில், பள்ளியின் மணி அடித்த பின்னரே வீட்டின் சாவியைக் கொடுக்க வேண்டும். அதுவரை அக்கட்டடங்களை ஊர் என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.