மண்டையோட்டு வீரன் குருவல்ல

கென்டாரோ மியூரா 1989இல் தொடங்கிய 'பெர்செர்க்' சித்திரக்கதையில் வரும் மண்டையோட்டு வீரனை ஞானகுருவாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நாயகன் கட்ஸுக்கு அவன் வாள்வித்தை கற்றுத்தரவில்லை, உபதேசமும் செய்யவில்லை. கிரகணப் பலிக்கு ஓராண்டு முன்பே வந்து எச்சரிக்கிறான், அதுவும் புதிர்மொழியில். கட்ஸுக்கு விளங்கவில்லை, தோழர்கள் மாண்டார்கள். கடைசியில் பாய்ந்து வந்து கட்ஸையும் காஸ்காவையும் மீட்கிறான், வாஸ்தவம். கருணையா, பலி கேட்ட 'கடவுள் கை' கூட்டத்தின் மீதான பழம்பகையா? மியூரா அங்கே சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில்தான் படைப்பு இருக்கிறது.

1997இல் வந்த 25 பகுதித் தொலைக்காட்சித் தொடர் அவனை அடியோடு நீக்கிவிட்டது. மீட்பே காட்டப்படாமல், இருட்டில் முடிகிறது. இதைத் துணிச்சல் என்கிறார்கள். நான் சௌகரியம் என்கிறேன். முழு நாசத்தைக் காட்டுவது சுலபம். யார் தயவால், எதற்காகப் பிழைத்தோம் என்று தெரியாமல் மறுநாள் எழுந்து நடப்பதுதான் கொடுமை. 2013இல் வெளியான மூன்றாவது திரைப்படம் அவனைத் திரும்பக் கொண்டுவந்ததற்காகவாவது அதை மதிக்கிறேன்.

இன்னொரு கூட்டம், அவன் பழைய மன்னன் கெய்செரிக்தானா என்று துப்பறிந்துகொண்டிருக்கிறது. கவசத்தைக் கழற்றிப் பெயர் விசாரிப்பது போலீஸ் வேலை. விமர்சனம் அல்ல.