நன்றியை வாங்கினோம், கணக்கு எங்கே?

ஒரு நாட்டின் தூதர் இன்னொரு நாட்டின் தலைவரைக் கண்டு, இடைவிடாத ஆதரவுக்கு நன்றி சொல்வது ராஜதந்திர சம்பிரதாயம். ஆனால் பாலஸ்தீனப் பிரதிநிதிகள் நம் நாட்டுத் தலைவர்களுக்குச் சொல்லிவந்த நன்றி வெறும் சம்பிரதாயம் அல்ல. அதன் பின்னே சரித்திரம் இருக்கிறது.

1947 நவம்பரில் பாலஸ்தீனத்தைத் துண்டாடும் தீர்மானம் ஐ.நா. சபைக்கு வந்தது. சுதந்திரம் பெற்று மூன்றரை மாதமே ஆகியிருந்த இந்தியா அதை எதிர்த்து ஓட்டளித்தது. 1974-ல் பாலஸ்தீன விடுதலை ஸ்தாபனத்தை அம்மக்களின் ஏகப் பிரதிநிதியாக ஏற்றது. அரபு நாடுகளுக்கு வெளியே அப்படிச் செய்த முதல் நாடு இந்தியாதான். 1988-ல் பாலஸ்தீன ராஜ்யத்தை அங்கீகரித்தது. இவற்றைச் செய்தவை காங்கிரஸ் சர்க்கார்கள். அவற்றோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆயினும் இவ்விஷயத்தில் செய்தது நியாயமே. பிடுங்கப்பட்ட நிலத்தின் வேதனை எங்கள் பக்கத்துக் குத்தகை விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2018 பிப்ரவரி 10 அன்று பிரதம மந்திரி மோடி ரமல்லா சென்றார். ஜனாதிபதி அப்பாஸ் அவருக்கு உயர்ந்த விருது அளித்தார். வாங்கியவர் ஒருவர், சம்பாதித்ததோ எழுபது ஆண்டுக் கொள்கை!

பிறகு நடந்தது என்ன? 2023 அக்டோபர் 27 அன்று காஸாவில் சண்டையை நிறுத்தக் கோரும் தீர்மானம் வந்தது. இந்தியா நடுநிலை வகித்தது. அக்டோபர் 7 தாக்குதலைத் தீர்மானம் கண்டிக்கவில்லை என்று காரணம் கூறியது. அத்தாக்குதலில் நிரபராதிகள் கொல்லப்பட்டது கண்டனத்துக்குரியதே. அதற்காக, குண்டுவீச்சை நிறுத்து என்று சொல்லவும் வாய் வராதா? அவ்வாண்டு டிசம்பரில் அதே கோரிக்கையை ஆதரித்தது. 2025 ஜூன் 12 அன்று 149 நாடுகள் போர்நிறுத்தம் கோரியபோது மீண்டும் ஒதுங்கி நின்றது. செப்டம்பரில் இரு நாடுகள் தீர்வுக்கு ஆதரவாக ஓட்டளித்தது. ஒரு நாள் ஆதரவு, ஒரு நாள் மௌனம். இதற்கா இடைவிடாத ஆதரவு என்று பெயர்?

2020 டிசம்பரில் புதிய பார்லிமெண்டுக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், எங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் போற்றிப் பேசினார். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறை அது. நிலமற்றவனுக்கு அதில் இடமில்லை. அதை நாம் கொண்டாடவில்லை. ஆனால் அக்கல்லில் ஒரு நல்ல விதி உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது, அவன் உறவினரும் வரக்கூடாது.

கல்லைப் போற்றியவர்கள் அந்த விதிக்குக் கட்டுப்படட்டும். எந்த ஓட்டு, எந்தக் காரணத்துக்காக என்று பார்லிமெண்டில் கணக்கு வைக்கட்டும். நன்றி வந்தது இந்திய ஜனங்களின் பெயருக்கு. கணக்குக் கேட்கும் உரிமையும் ஜனங்களுடையதே!