தொண்ணூறு நிமிடத் தீர்ப்புகள்

 

உங்கள் இல்லத்தில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளை இருந்தால், சனி, ஞாயிறு இரவுகளில் அவன் நேரத்தோடு உறங்குவதில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இங்கிலாந்து நாட்டுக் கழகங்கள் ஆடும் கால்பந்தாட்டத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான். காயல்பட்டினம் போன்ற நம் ஊர்களுக்குக் கால்பந்து புதியதன்று. பாட்டன்மார் ஆடிய ஆட்டம். ஆனால் எங்கோ இருக்கும் லிவர்பூல் நகரத்து அணியை, தம் சொந்த மஹல்லா அணியைப் போல் கருதி, அது வென்றால் துள்ளுவதும் தோற்றால் சோறு இறங்காமல் தவிப்பதும் இந்தத் தலைமுறையின் புதுமை. அதற்குக் காரணம் ஒரு பெயர்: முஹம்மது ஸலாஹ்.

ஆட்டம் பார்ப்பது கூடுமா, கூடாதா என்ற மஸ்அலாவை இங்கே விவாதிக்கப் போவதில்லை. சுபுஹுத் தொழுகை தவறிப்போகும் அளவுக்கு விழித்திருப்பவனுக்கு விடை அவனுக்கே தெரியும். நான் பேச விரும்புவது ஆட்டம் முடிந்த பிறகு நடக்கும் பேச்சைப் பற்றி. இன்னார் உதவாக்கரை, இன்னார் துரோகி, பயிற்சியாளருக்கு மூளை இல்லை, அவரை இன்றே விரட்ட வேண்டும்... தொண்ணூறு நிமிடம் பார்த்துவிட்டு ஒரு மனிதனின் திறமைக்கு மட்டுமல்லாமல் அவனுடைய எண்ணத்துக்கும் குணத்துக்கும் சேர்த்து நம் பிள்ளைகள் தீர்ப்பெழுதுகிறார்கள். ஆராயாமல் செய்தியை நம்புவது, பட்டப்பெயர் சூட்டுவது, தீய எண்ணம் கொள்வது, புறம் பேசுவது ஆகிய அத்தனையையும் அல் ஹுஜுராத் என்னும் ஒரே அத்தியாயம் கண்டிக்கிறது. கால்பந்தாட்டக்காரர்களுக்கு அதில் விதிவிலக்கு இருப்பதாக நான் ஓதியதில்லை.

2018ஆம் ஆண்டு மே 26. உக்ரைன் நாட்டின் கீவ் நகரம். ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் லிவர்பூலும் ரியல் மாட்ரிடும் மோதின. அந்தப் பருவத்தில் ஸலாஹ் இங்கிலாந்து லீகில் மட்டும் 32 கோல்கள் அடித்திருந்தார். 38 ஆட்டங்கள் கொண்ட தொடரில் அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை. அரை மணி நேரம் ஆனபோது செர்ஜியோ ராமோஸ் அவருடைய கையோடு தம் கையைப் பிணைத்தபடி விழ, தோளில் அடிபட்டு ஸலாஹ் கண்ணீருடன் வெளியேறினார்.

அது புனித ரமலான் மாதம். ஆட்டத்தை ஒட்டிய நாள்களில் ஸலாஹ் நோன்பு நோற்க மாட்டார் என்ற செய்தி முன்னரே வந்திருந்தது. குவைத் நாட்டு மார்க்கப் பேச்சாளர் ஒருவர், நோன்பை விட்டதற்கு இறைவன் அளித்த தண்டனையே அந்தக் காயம் என்று சொன்னதும் உலகெங்கும் செய்தியாயிற்று. பயணிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அது எந்தப் பயணத்துக்குப் பொருந்தும் என்பதை ஃபிக்ஹு நூல்களில் இமாம்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். அந்த விவாதத்தை அறிந்தவர்கள் நடத்தட்டும். ஆனால் ஒருவரின் தோளில் அடிபட்டதைப் பார்த்து அல்லாஹ்வின் நாட்டத்தை வாசித்துச் சொல்லும் அதிகாரத்தை யார் தந்தார்? இதுவும் ரசிகனின் அவசரத் தீர்ப்புத்தான். தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்த தீர்ப்பு.

அந்த இரவில் ஸலாஹைவிடப் பெருந்துன்பத்துக்கு ஆளானவர் ஒருவர் உண்டு. லிவர்பூலின் கோல் கீப்பர் லோரிஸ் காரியஸ் என்னும் ஜெர்மானிய இளைஞர். 51ஆம் நிமிடத்தில் அவர் தம் தோழருக்குக் கையால் உருட்டிவிட்ட பந்து நேராக எதிரணியின் கரீம் பென்சமாவின் காலில் பட்டு கோலுக்குள் சென்றது. (பென்சமாவும் முஸ்லிமே. அன்று நம் பிள்ளைகள் அவருக்காக மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.) 83ஆம் நிமிடத்தில் கேரத் பேல் தொலைவிலிருந்து உதைத்த பந்து காரியஸின் கைகளில் பட்டு நழுவி உள்ளே போயிற்று. 3க்கு 1 என்று தோல்வி. ஆட்டம் முடிந்ததும் அந்த இளைஞர் தம் அணியின் ரசிகர்கள் முன்னே சென்று, அழுதபடி இரு கைகளையும் உயர்த்தி மன்னிப்புக் கேட்டார். அவருக்குக் கிடைத்தவை வசைகள், கேலிச் சித்திரங்கள், கொலை மிரட்டல்கள்.

ஒன்பது நாள் கழித்து, ஜூன் 4ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். ஆட்டத்தின்போது தலையில் பட்ட அடியால் காரியஸுக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கிறது. பார்வையால் இடத்தையும் தூரத்தையும் கணிக்கும் திறன் அதனால் குன்றியிருக்கக் கூடும் என்றார்கள். முதல் பிழைக்குச் சற்று முன்னர் ராமோஸின் முழங்கை அவர் தலையில் இடித்ததைக் காணொளியில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த அடிதான் பிழைகளுக்குக் காரணம் என்று மருத்துவர்களே அறுதியிட்டுச் சொல்லவில்லை. அறிந்தவர்கள் அந்த அளவுக்கு அளந்து பேசினார்கள். வீட்டில் சாய்ந்தபடி பார்த்தவர்களோ, இது சாக்குப்போக்கு என்று மறுபடியும் சிரித்தார்கள்.

அடுத்த மாதம் பயிற்சி ஆட்டங்களில் காரியஸ் மீண்டும் தடுமாற, ஏளனம் பெருகியது. அப்போது அவருக்குப் பகிரங்கமாக ஆறுதல் சொன்னவர் யார் தெரியுமா? ஸலாஹ். தலைசிறந்தவர்களுக்கும் இப்படி நேர்வதுண்டு, வெறுப்போரைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற கருத்தில் எழுதினார். கோப்பையை இழந்து, தோளும் அடிபட்டு நின்ற அவருக்கு இல்லாத கோபம், கட்டணம் கட்டித் தொலைக்காட்சி பார்த்த நமக்கு எப்படி வந்தது?

இதைக் கேட்டால், 'ரசிகன் என்றால் கருத்துச் சொல்லத்தானே செய்வான்?' என்பார்கள் இளைஞர்கள். சொல்லட்டும். காரியஸ் அந்தப் பந்தைப் பிடித்திருக்க வேண்டும் என்பது கருத்து. அதைத் தாராளமாகச் சொல்லலாம். லிவர்பூல் கழகமே அப்படித்தான் நினைத்தது. ஜூலை மாதம் ரோமா அணியிலிருந்து அலிசன் என்னும் பிரேசில் நாட்டுக் கோல் கீப்பரை வாங்கி, காரியஸைத் துருக்கியின் பெஷிக்டாஷ் அணிக்கு அனுப்பிவிட்டது. அதில் குற்றமில்லை. தொழிலில் அது உண்டு. ஆனால் அவரைக் கோழை, விலைபோனவர் என்பது கருத்தன்று, பழி.

கருத்தாகவே இருந்தாலும் அது எத்தனை முறை பிழைத்திருக்கிறது என்பதற்கு அந்த ஒரு கழகத்தின் வரலாறே போதும். ஜோர்டான் ஹெண்டர்சன் என்ற வீரரை 2012இல் அன்றைய பயிற்சியாளர் பிரெண்டன் ராட்ஜர்ஸ் வேறோர் அணியின் ஆட்டக்காரருக்கு ஈடாகக் கொடுத்துவிடத் தயாராக இருந்தார். ரசிகர்களும் வருந்தியிருக்க மாட்டார்கள். அவர் போக மறுத்தார், 2015இல் தலைவரானார், 2019இல் ஐரோப்பியக் கோப்பையையும் அடுத்த ஆண்டு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த லீக் பட்டத்தையும் அவர் கைகள்தாம் உயர்த்தின. 2015 அக்டோபரில் வந்த யூர்கன் கிளாப், ஜெர்மனியில் இருந்த காலத்தையும் சேர்த்தால், தொடர்ச்சியாக ஆறு இறுதியாட்டங்களில் தோற்றவர். இறுதியாட்டம் வெல்லத் தெரியாதவர் என்று முத்திரை குத்தினார்கள். 2019 மே மாதம் பார்சிலோனாவிடம் 3க்கு 0 என்று தோற்ற பிறகு, சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 4க்கு 0 என்று வென்று, ஜூன் 1ஆம் தேதி மாட்ரிடில் கோப்பையையும் எடுத்தது அவருடைய அணி. ஸலாஹையே எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்தின் நாக்ரிக் என்னும் சிற்றூரிலிருந்து பேருந்து மேல் பேருந்து மாறி, ஒரு வழிக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து கெய்ரோவில் பயிற்சி பெற்ற பிள்ளை அவர். 2014இல் செல்சி அணிக்கு வந்து வாய்ப்புக் குறைந்து வெளியேறியபோது, இங்கிலாந்து ஆட்டத்துக்கு இவர் தேறமாட்டார் என்று முடிவு கட்டியவர்கள் பலர்.

இனி, நம்மவர்க்கே உரிய சோதனைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இம்மாதம் பேனாவை எடுத்தேன்.

ஸலாஹ் கோல் அடித்துவிட்டு ஸஜ்தாவில் விழும்போது நம் நெஞ்சம் நிறைகிறது. மறைப்பதற்கில்லை, எனக்கும் நிறைகிறது. அந்த லிவர்பூல் நகரில்தான் 1887ஆம் ஆண்டு அப்துல்லாஹ் குவில்லியம் என்னும் ஆங்கிலேயர் இஸ்லாமிய நிலையம் ஒன்றை நிறுவினார். அன்று பாங்கு சொன்னவர்கள்மீது கல்லும் சேறும் எறிந்தார்கள். அதே நகர மக்கள், இன்னும் சில கோல் அடித்தால் நாங்களும் முஸ்லிம் ஆகிவிடுவோம் என்ற பொருளில் ஸலாஹைப் பாடினார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து, ஸலாஹ் வந்த பிறகு அந்த வட்டாரத்தில் வெறுப்புக் குற்றங்கள் சுமார் 16 விழுக்காடு குறைந்ததாகவும், லிவர்பூல் ரசிகர்களின் முஸ்லிம் எதிர்ப்புப் பதிவுகள் மற்றப் பெரிய அணிகளின் ரசிகர்களோடு ஒப்பிடுகையில் பாதியானதாகவும் கண்டார்கள். ஒருவருடைய நன்னடத்தை இவ்வளவு செய்யும் என்றால் அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கோல் அடிப்பதால் கிடைக்கும் மரியாதை கோல் அடிக்காத நாளில் என்ன ஆகும்? ஜெர்மனியின் மெசூத் ஓசிலைக் கேளுங்கள். வென்றால் ஜெர்மானியன், தோற்றால் வந்தேறி என்று தம்மைக் கருதுவதாகச் சொல்லி, 2018 ஜூலையில் நாட்டின் அணியை விட்டே விலகினார் அவர்.

அவர்கள் நம்மவரை அப்படி எடைபோடும்போது நமக்கு வலிக்கிறது. நாம் மற்றவரை எந்தத் தராசில் நிறுக்கிறோம்?

2024இல் கிளாப் விலகி, நெதர்லாந்து நாட்டவரான ஆர்னே ஸ்லாட் பயிற்சியாளரானார். முதல் ஆண்டிலேயே, நான்கு ஆட்டங்கள் மீதம் இருக்கும்போதே லிவர்பூல் லீக் பட்டத்தை வென்றது. ஸலாஹின் தற்காப்புச் சுமையை அவர் குறைத்துவிட்டார். ஸலாஹ் 29 கோல்கள் அடித்து, 18 கோல்களுக்கு வழியமைத்தார். அப்போது ஸ்லாட் நம் பிள்ளைகளுக்கு அறிவாளி. அடுத்த பருவத்தில் அணி சரிந்தது. 2025 இலையுதிர் காலத்தில் 12 ஆட்டங்களுக்குள் 9 தோல்விகள். ஸலாஹின் வேகமும் முன்போல் இல்லை. டிசம்பர் 6ஆம் தேதி லீட்ஸ் அணியுடன் 3க்கு 3 என்று முடிந்த ஆட்டத்தில், தொடர்ந்து மூன்றாவது முறையாக அவரைத் தொடக்க அணியில் சேர்க்காமல் ஸ்லாட் வெளியே அமர்த்தினார். ஸலாஹ் வெகுண்டு, கழகம் தம்மைப் பலியிட்டுவிட்டதாகவும் பயிற்சியாளருடன் உறவு முறிந்துவிட்டதாகவும் செய்தியாளர்களிடம் சொன்னார். மிலான் நகருக்குச் சென்ற அணியில் அவருக்கு இடமில்லை.

அந்த வாரம் நம் இளைஞர்களின் கைபேசிகளில் ஓடியவற்றைச் சிலர் எனக்குக் காட்டினார்கள். ஸ்லாட் இஸ்லாத்தின் எதிரியாம். முஸ்லிம் என்பதால்தான் ஸலாஹை ஒதுக்கினாராம். ஆதாரம்? ஒன்றுமில்லை. முந்தைய ஆண்டு அவரை முன்னிறுத்திப் பட்டம் வென்ற அதே மனிதர், 33 வயது வீரர் ஒருவரைச் சில ஆட்டங்களில் வெளியே வைத்தார். அந்த முடிவு தவறாக இருக்கலாம். எனக்கும் முழு உடன்பாடு இல்லை. ஆனால் ஆட்டத்தில் எடுத்த முடிவுக்கு மார்க்கப் பகையைக் காரணமாக்குவது பொய்ச்சாட்சி சொல்வதற்கு ஒப்பானது. உண்மையான வெறுப்புக்கு நம்மவர் ஆளாகும் நாளில், ஓலமிட்டு ஓலமிட்டுத் தேய்ந்த நம் சொல்லை யார் கேட்பார்கள்? மானேயிடமும் இதே தராசைக் கண்டோம். 2019இல் பர்ன்லி அணியுடனான ஆட்டத்தில், ஸலாஹ் பந்தைத் தரவில்லை என்று சாதியோ மானே கோபித்தார். உடனே நம் பிள்ளைகள் இரு கட்சியாகி அந்த இருவரையும் மாறி மாறி ஏசினார்கள். லிவர்பூல் பள்ளிவாசலின் ஒளுச் செய்யும் இடத்தைத் தம் கையாலே கழுவியவர், தம் ஊரான பம்பாலியில் மருத்துவமனை கட்டியவர் மானே. அவருக்கே சுயநலக்காரர் என்ற பட்டம் கிடைத்தது.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். அந்தப் பருவம் தொடங்குவதற்கு முன், 2025 ஜூலை 3ஆம் தேதி, அந்த அணியின் டியோகோ ஜோட்டா ஸ்பெயினில் கார் விபத்தில் தம் சகோதரருடன் மாண்டுபோனார். வயது 28, திருமணம் நடந்து பதினொரு நாள், மூன்று குழந்தைகளின் தந்தை. ஆகஸ்டு 15ஆம் தேதி முதல் ஆட்டம் முடிந்து ரசிகர்கள் ஜோட்டாவின் பெயரைப் பாடியபோது ஸலாஹ் மைதானத்தில் நின்று அழுதார். உடை மாற்றும் அறையில் ஓர் இடம் வெறுமையாக இருக்கும்போது அந்த மனிதர்கள் எப்படி ஆடினார்கள், அவர்களைப் பயிற்றுவித்தவர் எப்படித் திட்டமிட்டார் என்பதெல்லாம் நம் தொலைக்காட்சியில் தெரிவதில்லை. நம் வீடுகளில் மையித்து விழுந்தால் கடையை எத்தனை நாள் அடைக்கிறோம்?

டிசம்பர் 13ஆம் தேதி ஆன்ஃபீல்டில் பிரைட்டன் அணியுடன் ஆட்டம். 26ஆம் நிமிடத்தில் ஒரு வீரர் காயமுற்றார். அவருக்குப் பதிலாக யாரை இறக்குவது என்று முடிவு செய்ய வேண்டியவர் ஸ்லாட். அவர் ஸலாஹை அழைத்தார். அரங்கம் எழுந்து ஆரவாரித்தது. இரண்டாம் பாதியில் ஸலாஹ் அனுப்பிய கார்னர் பந்தைத் தலையால் முட்டி எகிடிகே கோலாக்கினார்; லிவர்பூல் 2க்கு 0 என்று வென்றது.